தூக்குல தொங்கினவருக்கு மறுவாழ்வா?

"1949ல் தூக்கிலிடப்பட்ட கோஸ்தோவுக்கு 1956ல் மறுவாழ்வு அளிக்கப்பட்டது." இதே மாதிரி வாக்கியத்தை வேற வேற மொழிபெயர்ப்புல இதோட மூணாவது தடவையா படிச்சுட்டேன். செத்து ஏழு வருஷம் ஆன மனுஷனுக்கு என்னய்யா மறுவாழ்வு, தையல் மெஷின் வாங்கிக் குடுத்தாங்களா?

மூலத்துல இருக்குற சொல் ரீஹாபிலிடேஷன். லத்தீன்ல 'ஹாபிலிஸ்'னா தகுதியுள்ள, ஏத்த. முன்னாடி 'ரீ' சேர்த்தா மறுபடி தகுதியுள்ளவனா ஆக்குறது. ஐரோப்பாவுல பழைய சட்டத்துல பதவியும் மானமும் பறிபோனவனுக்கு அதைத் திருப்பிக் குடுக்குறதுக்குத்தான் இந்தச் சொல். கை கால் பயிற்சி, போதை மையம் எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்ட அர்த்தம். நம்மாளுங்க அந்தப் பின்னாடி வந்ததை மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க.

டிராய்ச்சோ கோஸ்தோவ் யாருன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு ஏன் எரியுதுன்னு புரியும். பல்கேரிய கம்யூனிஸ்ட் கட்சியில 1920லேர்ந்து இருந்த ஆள். 1924ல போலீஸ் பிடிச்சு சித்திரவதை பண்ணப்போ, தோழர்களைக் காட்டிக் குடுத்துருவோமோன்னு நாலாவது மாடி ஜன்னல்லேர்ந்து குதிச்சாரு. உயிர் தப்பிச்சாரு, ஆனா முதுகு கடைசி வரைக்கும் நிமிரல. 1942ல மறுபடி மாட்டினாரு, கூட மாட்டினவங்கள்ல சில பேரைச் சுட்டுக் கொன்னாங்க, இவருக்கு ஆயுள் தண்டனை. 1944ல கட்சி ஆட்சிக்கு வந்தப்புறம் கட்சித் தலைவர் திமித்ரோவுக்கு அடுத்த இடம், துணைப் பிரதமர், பொருளாதாரம் பூரா இவர் கையில. 1948ல பல்கேரியாவோட பொருளாதார விவரங்களை சோவியத் ஆளுங்களுக்கு அப்படியே தூக்கிக் குடுக்க மாட்டேன்னு நின்னாரு, ஸ்டாலினுக்குக் கோபம் வந்துருச்சு. 1949 மார்ச்ல பதவி போச்சு, தேசிய நூலகத்துக்கு இயக்குநரா தூக்கிப் போட்டாங்க, ஜூன்ல கைது. டிசம்பர்ல சோஃபியாவுல விசாரணை. ஸ்டாலினோட முறைச்சுக்கிட்ட யுகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவோட ஆள், பிரிட்டிஷ் உளவாளின்னு ஒரு பட்டியல், அதுல 1942ல இவரைச் சுடாம விட்டதே போலீஸ் கையாளா மாறினதாலதான்னும் ஒரு குற்றச்சாட்டு. அதாவது பொழைச்சதே குத்தம்! கூட நின்ன பத்துப் பேரும் ஒத்துக்கிட்டாங்க. இவர் மட்டும் எழுதிக் குடுத்த வாக்குமூலத்தை கோர்ட்டுலயே மறுத்தாரு, உடனே அந்த வாக்குமூலத்தை அவர் முன்னாடியே எடுத்து வாசிச்சாங்க. டிசம்பர் 16 தூக்கு.

அப்புறம் ஸ்டாலின் செத்து, அடுத்து வந்த சோவியத் தலைவர் குருசேவ் அவரைக் கண்டிச்சுப் பேசி, 1956 ஏப்ரல்ல பல்கேரியக் கட்சியும் கூடி, அதுவரைக்கும் 'குட்டி ஸ்டாலினா' இருந்த வல்கோ செர்வென்கோவை பிரதமர் நாற்காலியிலேர்ந்து இறக்குனாங்க. அந்த வருஷம்தான் கோஸ்தோவ் மேல சொன்னதெல்லாம் பொய்னு கட்சி ஒத்துக்கிச்சு. திரும்பக் கிடைச்சது வாழ்வு இல்ல, பேரு.

இதைச் சொன்னா ஒருத்தர் கேக்குறாரு, "கூட ஜெயிலுக்குப் போனவங்கள்ல உயிரோட வெளிய வந்தவங்களுக்கு மறுவாழ்வுன்னு சொல்லலாமில்ல?" சொல்லலாம், ஆனா அது வேற சங்கதி. துரோகின்ற பட்டம் போறது ஒண்ணு, வேலையும் வீடும் கிடைக்குறது இன்னொண்ணு. பட்டம் போகாமலே வேலை கிடைக்கலாம், பட்டம் போயும் தெருவுல நிக்கலாம். ரெண்டையும் ஒரே சொல்லுல போட்டு அமுக்கினா எது நடந்துச்சுன்னு படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? புனர்வாழ்வுன்னு போட்டா மட்டும் சரியாயிடுமா, அதே ஆள் வேற சட்டை. தனித்தமிழ் அன்பர் ஒருத்தர் 'மீள்நிலைப்படுத்தல்'னாரு. எனக்கும் தனித்தமிழ்தான் பிடிக்கும் சார், ஆனா அது சாஞ்ச கம்பத்தை நிமித்துற மாதிரி இருக்கு. 'களங்க நீக்கம்' பரவால்ல, ஆனா களங்கம்னாலே அது முன்னாடி நெஜமா இருந்துச்சு, இப்போ கழுவிட்டோம்னு ஒரு வாடை வருது.

நம்மகிட்ட 'பழி'ன்னு ஒரு சொல் சும்மா கெடக்குது. வீண்பழி, பழி சுமத்துறது, பழி போடுறது, எல்லாத்துலயும் அடுத்தவன் தூக்கி நம்ம தலையில வைக்கிறதுன்ற அர்த்தம் இருக்கு. அப்போ பழிநீக்கம். கோவலன் வெட்டுப்பட்டப்புறம் கண்ணகி சபையில சிலம்பை உடைச்சு வாங்கிக் குடுத்தது என்ன, மறுவாழ்வா? கதை கேட்டு வளர்ந்த எந்தப் பாட்டியும் அப்படிச் சொல்லமாட்டா.

இதுல ஒரு வேடிக்கை, பல்கேரியக்காரங்களே இதைப் பிரிச்சு வெச்சிருக்காங்க. ஆஸ்பத்திரியில கை கால் பயிற்சி, ரோடு ரிப்பேர் எல்லாம் 'ரெஹபிலிடாட்சியா'. அரசியல் பழி நீங்குறது நடுவுல 'ஹ' இல்லாம 'ரெஅபிலிடாட்சியா', 1991ல போட்ட சட்டத்தோட பேர்லயும் இதான் இருக்கு. ஒரு எழுத்துல அவன் காப்பாத்துன வித்தியாசத்தை நாம ஒரு சொல்லுல தொலைச்சுட்டு நிக்கிறோம்.

மொழிபெயர்க்கிறவங்க அகராதியில முதல்ல இருக்குறதை எடுத்து ஒட்டிட்டுப் போறதுதான் எல்லாத்துக்கும் மூலம், இப்போ மெஷின் வேற வந்துருச்சு, அதுவும் இவங்ககிட்டதானே படிச்சுது. தீர்ப்பை முன்னாடியே முடிவு பண்ணிட்டு ஊர் பாக்க நடத்துற ஷோ டிரையல்னா 'காட்சி விசாரணை'யாம், கண் டாக்டர் பண்றதா அது? இன்னொருத்தர் 'கண்துடைப்பு விசாரணை'ங்கிறாரு. கண்துடைப்புன்னா ஏனோதானோன்னு பேருக்குப் பண்றது. கோஸ்தோவ் கேஸ்ல ஒண்ணும் ஏனோதானோ கிடையாது, யாரு என்ன சொல்லணும்னு முன்கூட்டியே எழுதி மனப்பாடம் பண்ண வெச்சு நடத்துனது. நாடக விசாரணைன்னு எழுதினா முடிஞ்சுது.

செர்வென்கோவுக்கும் இந்த மறுவாழ்வுங்கிற சொல்லையே போடுறாங்க. அவரை 1962ல கட்சியை விட்டே தூக்குனாங்க, 1969ல உறுப்பினர் பதவி திரும்பக் கிடைச்சுது. அது பழிநீக்கம் கிடையாது, சும்மா மறுசேர்ப்பு, ஏன்னா அவர் பண்ணினதா சொன்னதுல பாதிக்கு மேல அவர் பண்ணினதுதான்.

முதல்ல சொன்ன வாக்கியத்துக்கு வர்றேன். "1956ல் கோஸ்தோவின் பழி நீக்கப்பட்டது"ன்னு எழுதிப் பாத்தேன், அதுவும் உறுத்துது. நீக்கப்பட்டதுன்னா யாரு நீக்குனா? "கோஸ்தோவ் மேல் தான் போட்ட பழியைக் கட்சி 1956ல் தானே நீக்கியது." இப்படித்தான் எழுதப் போறேன்.