ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு எத்தனை மணி நேரம்?

பத்து மணிக் கூட்டத்துக்கு எட்டுப் பேரும் வந்து அமர்ந்துவிட்டார்கள். திரையில் விளக்கப்படம் மட்டும் வரவில்லை. “இப்போது தெரிகிறதா?” என்று ஒருவர் கேட்க, “இல்லை” என்று இன்னொருவர் சொல்ல, கேபிளைக் கழற்றி மறுபடி செருகுவதற்குள் ஆறு நிமிடம் கழிந்துவிடுகிறது. கடிகாரத்தைப் பார்த்தால் ஆறு நிமிடம்தான். ஊதியக் கணக்கில் அது 48 நிமிடம், ஏனெனில் காத்திருந்த ஒவ்வொருவருக்கும் நிறுவனம் அந்த ஆறு நிமிடத்துக்குச் சம்பளம் தருகிறது.

கூட்டத்தின் செலவைக் கணக்கிடும் எல்லா முறைகளும் இந்தப் பெருக்கலில்தான் தொடங்குகின்றன: ஆட்களின் எண்ணிக்கை, நேரம், ஒரு மணி நேரத்துக்கான ஊதியம். மூன்றாவதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் என்று கொண்டு ஆண்டுச் சம்பளத்தை 2,080 மணி நேரத்தால் வகுப்பது வழக்கம். ஆனால் விடுமுறைகளையும் விடுப்பையும் கழித்தால் ஒருவர் உண்மையில் வேலை செய்வது ஏறக்குறைய 1,800 மணி நேரமே. காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு, கணினி, அலுவலக இடம் ஆகியவற்றுக்காக நிறுவனம் செலவிடுவதையும் சேர்த்து, சம்பளத்தை 1.3 மடங்காகக் கொண்டால், ஒரு மணி நேரத்தின் உண்மையான விலை முதலில் போட்ட கணக்கைவிட ஒன்றரை மடங்காகிவிடும்.

2023இல் இணையக் கடைகளுக்கு மென்பொருள் தரும் ஷாப்பிஃபை நிறுவனம் இத்தகைய கணக்கை ஊழியர்களின் நாட்காட்டியிலேயே சேர்த்தது; கூட்டத்துக்கு அழைக்கும்போதே அதன் உத்தேசச் செலவு கண்ணில் படும். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் ஒரு கூட்டத்தை ரத்து செய்வதால் அந்தத் தொகை கல்லாவுக்குத் திரும்பி வராது, சம்பளம் எப்படியும் கொடுத்தாக வேண்டியதே. மிச்சமாவது நேரம், அந்த நேரத்தில் நடந்திருக்கக்கூடிய வேலையின் மதிப்பே கூட்டத்தின் உண்மையான செலவு. பொருளியலார் இதை வாய்ப்புச் செலவு என்பார்கள்.

இந்தச் செலவின் பெரும்பகுதி அறைக்கு வெளியேதான் இருக்கிறது. பெரிய நிறுவனம் ஒன்றின் நாட்காட்டித் தரவுகளை ஆராய்ந்து பெய்ன் ஆலோசனை நிறுவனத்தினர் 2014இல் வெளியிட்ட கணக்கு இதற்குச் சரியான சான்று. அங்கே உயர்நிலைக் குழு வாரந்தோறும் கூடியதற்கு நேரடியாகச் செலவானது ஆண்டுக்கு 7,000 மணி நேரம். அந்தக் கூட்டத்துக்குத் தயாராகத் துறைத் தலைவர்கள் தனியே கூடினார்கள். அவர்களுக்குத் தகவல் தர அவரவர் குழுக்கள் கூடின. அந்தக் குழுக்களுக்காக மேலும் பல முன்னேற்பாட்டுக் கூட்டங்கள் நடந்தன. மொத்தம் ஆண்டுக்கு 3,00,000 மணி நேரம். மேல்மட்டத்தில் செலவான ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கீழே நாற்பது மணி நேரத்துக்கு மேல் கரைந்திருக்கிறது.

கூட்டம் முடிந்த பிறகும் செலவு நின்றுவிடுவதில்லை. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்கு மாறும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று மேலாண்மைத் துறை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் ஓர் ஆய்வில் காட்டி, அதற்குக் ‘கவன எச்சம்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். காலை ஒன்பது முதல் ஒன்று வரை நிரல் எழுத நினைத்த ஒருவருக்குப் பதினொரு மணிக்கு அரை மணி நேரக் கூட்டம் வைத்தால், அவருக்கு மீதம் மூன்றரை மணி நேரம் இருப்பதாக நாட்காட்டி சொல்லும். ஆனால் நான்கு மணி நேரம் தொடர்ச்சியாகத் தேவைப்படும் வேலையை அவர் அன்று தொடவே மாட்டார். எந்தக் கணக்குக் கருவியிலும் இந்த இழப்புக்கு ஒரு கட்டம் கிடையாது.

இதனால் கூட்டமே வீண் என்று ஆகிவிடாது. எட்டுப் பேர் ஒரு மணி நேரம் அமர்ந்து எடுத்த முடிவு, இருபது பேர் ஒரு வாரம் காத்துக் கிடப்பதைத் தவிர்த்தால் அந்த எட்டு மணி நேரம் மலிவே. அதே எட்டுப் பேரில் இருவருக்கு முதல் இருபது நிமிடம் மட்டுமே தொடர்புடையது என்றால், அவர்களை அப்போதே அனுப்பிவிடுவதால் மிச்சமாவது 80 நிமிடம்; வாரந்தோறும் கூடும் கூட்டமாக இருந்தால், ஆண்டுக்கு 50 வாரம் என்று கொண்டாலும் 66 மணி நேரத்துக்கு மேல்.