ஏஐ உதவியாளருக்குத் தேடித் தரும் சர்வர்

நிரல் எழுத உதவும் ஏஐ உதவியாளரிடம் ஒரு மென்பொருளைத் திருத்தச் சொன்னால், அது முதலில் தேடத்தான் தொடங்குகிறது. உதவியாளரை இயக்கும் மொழி மாதிரி ஒரே நேரத்தில் கவனத்தில் கொள்ளக்கூடிய எழுத்தின் அளவுக்கு வரம்பு இருப்பதால், ஆயிரக்கணக்கான கோப்புகளை முழுவதும் படித்துவிட்டு வேலைக்கு வர அதனால் இயலாது. வேண்டிய சொல் எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று கேட்டறிந்து, அந்த இடத்தை மட்டும் படிக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை தரும் சிறிய சர்வரை நம் கணினியிலேயே அமைத்துக்கொள்ளலாம். எடுத்துக்காட்டாக, போடிநாயக்கனூரிலும் மலைக்கு அப்பால் கேரளத்துப் புத்தடியிலும் நடக்கும் ஏலக்காய் ஏலங்களில் சரக்கெடுக்கும் வியாபாரிகளுக்கான பில் மென்பொருளைக் கொள்வோம். இரு பக்கமும் கணக்கு வைத்திருப்போருக்கான அந்த மென்பொருளில் ஊர்ப் பெயர்களும் ரகப் பெயர்களும் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கும்.

உதவியாளரும் சர்வரும் பேசிக்கொள்வதற்கான பொது நெறிமுறையை எம்.சி.பி. (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) என்ற பெயரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. உதவியாளரின் அமைப்புக் கோப்பில், சர்வரைத் தொடங்கும் கட்டளையையும் தேட வேண்டிய கோப்புறையின் பாதையையும் எழுதி வைத்தால், உதவியாளரே சர்வரைத் தொடங்கி, அதனிடம் உள்ள கருவிகளின் பட்டியலைக் கேட்கும். ஒவ்வொரு கருவியின் பெயர், அது செய்யும் வேலையின் விளக்கம், அதற்குத் தேவையான உள்ளீடுகளின் வரையறை ஆகியவற்றைச் சர்வர் அனுப்பும். அந்த விளக்கத்தைப் படித்தே மொழி மாதிரி கருவியை அழைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதால், அதை ஏனோதானோவென்று எழுதக் கூடாது.

இந்தச் செய்திகள் ஜேசன்-ஆர்.பி.சி. 2.0 என்ற செய்தி வடிவில், வரிக்கு ஒன்றாக, நிரலின் இயல்பான உள்ளீட்டு, வெளியீட்டு வழிகளிலேயே செல்கின்றன. சோதனைக்காக வெளியீட்டில் ஒரு வரி அச்சிட்டாலும் உரையாடல் குலைந்துவிடும் என்பதால், குறிப்புகளைப் பிழை வெளியீட்டு வழியில்தான் எழுத வேண்டும். தேடும் நிரலை அழைக்கும்போதும் இதே கவனம் தேவை. ஆண்ட்ரூ கேலன்ட் ரஸ்ட் மொழியில் எழுதி 2016-இல் வெளியிட்ட ரிப்கிரெப் என்ற தேடும் நிரலைத்தான் பலரும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். பாதை எதுவும் தராமல் அதை அழைத்து, உள்ளீட்டு வழியையும் திறந்து விட்டுவிட்டால், அது கோப்புறையை விட்டுவிட்டு அந்த வழியில் வருவதையே தேடத் தொடங்கிவிடும். உதவியாளர் சர்வருக்கு அனுப்பிய செய்திகளை அதுவே விழுங்க, சர்வர் பதில் சொல்லாமல் நின்றுவிடும். எப்போதும் பாதையைக் கொடுத்து, உள்ளீட்டை மூடிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பாதுகாப்புக்காக, கேட்கப்படும் பாதை அனுமதித்த கோப்புறைக்குள்தான் இருக்கிறதா என்று சரிபார்ப்பதும், தேடுசொல்லை ஷெல் கட்டளையோடு ஒட்டாமல் தனி உள்ளீடாக அனுப்புவதும் கட்டாயம்.

ரிப்கிரெப் பெரிய கோப்புறையையும் விரைவாகத் தேடிவிடும். அந்த வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஒன்றும் கிடைக்காதபோது சர்வர் என்ன சொல்கிறது என்பதுதான். ‘இல்லை’ என்ற விடையை மொழி மாதிரி நம்பிவிடும். ஈரப்பதக் கழிவைக் கணக்கிடும் செயற்கூறு ஏற்கெனவே இருந்தும், தேடலில் அகப்படாமல் போனால், மொழி மாதிரி புதிதாக இன்னொன்றை எழுதி வைக்கும். பிறகு ஒரே மூட்டைக்கு இரண்டு திரைகளில் இரண்டு எடை வரும்.

ரிப்கிரெப் முடியும்போது, பொருத்தம் கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, பிழை நேர்ந்தால் 2 என்ற எண்ணைத் திருப்பித் தருகிறது. 0 அல்லாத எல்லாவற்றையும் தோல்வியாகக் கொள்ளும் நிரல், வெறுமனே கிடைக்காததைப் பிழை என்று அறிவிக்கும். தோல்விகளை விழுங்கும் நிரலோ, தவறாக எழுதிய தேடுதொடரால் (எதைத் தேடுவது என்று குறிக்கும் கோவையால்) எழுந்த பிழையை ‘இல்லை’ என்று காட்டும். சில கோப்புகளில் பொருத்தம் கிடைத்து, வேறொரு கோப்பைத் திறக்க முடியாமல் போனாலும் 2 வரும் என்பதால், கிடைத்தவற்றையும் பிழையையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியின் புறக்கணிப்புப் பட்டியலில் உள்ளவை, மறைந்த கோப்புகள், இரும வடிவக் கோப்புகள் ஆகியவற்றை ரிப்கிரெப் இயல்பாகவே தவிர்த்துவிடுகிறது. விடையில் அதையும் ஒரு வரியில் சொல்வது நல்லது. விடைகளின் எண்ணிக்கைக்கு வைக்கும் உச்ச வரம்பிலும் ஒரு நுட்பம் உண்டு. ரிப்கிரெப்புக்கு நாம் கொடுக்கும் பொருத்த எண்ணிக்கை வரம்பு கோப்பு ஒன்றுக்கானதே. மொத்தத்தைச் சர்வர்தான் எண்ணி நிறுத்தி, மீதி இருக்கிறது என்று தெரிவிக்க வேண்டும்.

எல்லையோர மென்பொருளில் பொய்யான ‘இல்லை’ வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘போடி’ என்ற சொல்லின் முதல் எழுத்தை, பகரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் சேமிக்கலாம். பகரத்தோடு ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் முதல் வடிவில் அச்சொல் 12 பைட், இரண்டாவதில் 15 பைட். ரிப்கிரெப் இவற்றைச் சமமாகக் கொள்வதில்லை. ஒரே எழுத்தின் சமமான சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட் இயல்பாக்கம் செய்தால் தமிழில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

மலையாளத்தில் அது போதாது. வண்டன்மேடு என்ற கேரளத்து ஊர்ப் பெயரில் வரும் னகரத்தை மலையாளத்தில் சில்லெழுத்தாக, அதாவது உயிர் சேராத மெய்க்கான தனி எழுத்தாக எழுதுவார்கள். 2008-இல் வந்த யூனிகோட் 5.1 அதற்குத் தனிக் குறியீடு தந்தது. அதற்கு முன் மெய்யெழுத்து, சந்திரக்கலை (தமிழின் புள்ளி போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி என மூன்றைச் சேர்த்து எழுதினார்கள். இவ்விரண்டையும் யூனிகோட் சமம் என்று அறிவிக்கவில்லை, ஆகவே இயல்பாக்கம் இவற்றைத் தொடாது. சர்வரே தேடுசொல்லை இரு வடிவிலும் எழுதி, எது இருந்தாலும் பொருந்தும் ஒரே தேடுதொடராக்கி அனுப்ப வேண்டும். தமிழுக்கும் அதே வழியைக் கையாளலாம். நிரலில் உள்ள பெயர்களையே புதிய வடிவுக்கு மாற்றிவிட்டால் என்ன என்று தோன்றலாம். தரவுத்தளத்தில் பழைய வடிவில் பதிவான வாடிக்கையாளர் முகவரிகளோடு அவை அதன்பின் ஒத்துப்போகாது என்பதால், மாற்றத்தைத் தேடும் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதுதான் சரி.