ரந்தொசெரு: ஒரு டச்சுச் சொல் பள்ளிக்கூடம் போன கதை

ரந்தொசெரு என்பது ஜப்பானில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் முதுகில் மாட்டிக்கொண்டு போகும் விறைப்பான, பெட்டி போன்ற பை. அதன் மேல்மூடி முன்பக்கம் முழுவதையும் மறைத்து அடிவரை இறங்கி, அங்கே ஒரு உலோகப் பூட்டில் மாட்டிக்கொள்ளும். ஆறு வயதில் ஒன்றாம் வகுப்புக்கு வாங்கினால் ஆறாம் வகுப்பு முடிகிறவரை பெரும்பாலும் அதே பைதான். விற்பவர்களும் வழக்கமாக ஆறாண்டு உத்தரவாதம் தருகிறார்கள். ஜப்பானியக் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பை தெரிந்திருக்கும், பெயர்தான் புதிது.

முதலில் எழுத்தைப் பார்த்துவிடலாம். இந்தச் சொல்லில் நெடில் எதுவும் இல்லை. ஆகவே 'ராண்டோசேரு' என்று இழுக்க வேண்டியதில்லை. எகர ஒகரக் குறில்கள் நம்மிடம் இருக்கும்போது 'ரந்தொசெரு' என்றே எழுதலாம். சொல்லின் முதலில் ரகரம் வராது என்று மரபைக் காட்டி 'இரந்தொசெரு' என்று எழுதப் போனால், 'இரந்து' என்று பிச்சை கேட்கிற சொல் முன்னால் வந்து நின்றுவிடும். வேண்டாம்.

சொல் ஜப்பானுடையது அல்ல. டச்சு மொழியில் முதுகில் சுமக்கும் பைக்கு 'ரன்செல்' என்று பெயர். ஜெர்மன் பிள்ளைகளின் பள்ளிப்பைக்கு வழங்கும் 'ரான்ட்சென்' இதற்கு உறவுச்சொல். 'எதோ' எனப்படும் ஜப்பானிய வரலாற்றுக் காலத்தின் (1603–1868) கடைசியில் ஜப்பான் மேற்கத்திய முறையில் படை திரட்டத் தொடங்கியபோது, வீரர்களின் முதுகுப்பையோடு அதன் பெயரும் வந்து சேர்ந்தது. ஜப்பானிய மொழியில் லகரம் கிடையாது, மெய்யில் சொல்லை முடிப்பதும் அரிது. அதனால் கடைசி 'ல்' 'ரு' ஆனது. நாம் பேச்சில் 'பஸ்ஸு', 'காரு' என்று முடிப்பதும் இதே பழக்கம்தான். நடுவில் 'தொ' எப்படி நுழைந்தது? 'ன்' சொல்லி உடனே 'ச' சொன்னால் இடையில் நாக்கு பல்லைத் தட்டும். அந்தத் தட்டல் காதில் ஓர் எழுத்தாக விழுந்து, ஜப்பானிய வழக்கப்படி ஒகரத்தையும் சேர்த்துக்கொண்டது என்று விளங்கிக்கொள்ளலாம். படையோடு வந்த இந்தச் சொல், தமிழில் போரைக் குறிக்கும் 'செரு'வில் முடிவது வெறும் தற்செயல். இதை வைத்து யாரும் கட்டுரை எழுதிவிடாதீர்கள்.

டச்சுக்காரர்கள் ஜப்பானுக்கு மட்டும் சொல் கொடுக்கவில்லை. நாகசாகித் துறைமுகத்துத் தெஜிமா தீவில் கடை விரித்திருந்த அதே டச்சுக் கம்பெனிதான் இலங்கையின் கரையோரத்தையும் ஆண்டது. யாழ்ப்பாணத்தில் அலுவலகத்துக்குச் சொல்லும் 'கந்தோர்', நம் ஊரில் முகம் சுளித்தபடி சொல்லும் 'கக்கூஸ்' இரண்டும் டச்சு வழி வந்தவை. ஜப்பானியருக்குக் கிடைத்ததில் ரன்செல் இருந்தது, கண்ணாடிக்கும் பீருக்குமான சொற்களும் இருந்தன. நமக்கு வாய்த்தது கக்கூஸ்!

படைவீரரின் பை பிள்ளைகளிடம் எப்படிப் போனது? தோக்கியோவில் 1877-இல் தொடங்கிய ககுஷூயின், பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளி. குதிரை வண்டியிலும் ரிக்ஷாவிலும் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள், புத்தகத்தை வேலைக்காரர் தூக்கி வருவார். 1885-இல் பள்ளி இதற்குத் தடை போட்டது. வீட்டுப் பெருமை வாசலோடு நிற்கட்டும், அவரவர் பொருளை அவரவரே சுமந்து வரட்டும் என்பது முடிவு. அதற்காகக் கொண்டுவந்ததுதான் படையின் முதுகுப்பை. அப்போது அது துணிப்பை. 1887-இல், பின்னாளில் தைஷோ பேரரசரான இளவரசர் யோஷிஹித்தோ அந்தப் பள்ளியில் சேர்ந்தபோது, பிரதமர் இத்தோ ஹிரோபூமி பெட்டி வடிவில் ஒரு தோல் பையைப் பரிசாகக் கொடுத்தார். இன்றைய வடிவத்துக்கு அதைத்தான் மூலமாகச் சொல்கிறார்கள்.

ஆனால் ஊர்ப்பிள்ளைகளுக்கு அது எட்டவில்லை. நெடுங்காலம் அவர்கள் புத்தகத்தை 'ஃபுரோஷிகி' என்னும் சதுரத் துணியில் முடிந்து கொண்டுபோனார்கள், அல்லது தோளில் துணிப்பை தொங்கவிட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கையில் காசு புரளத் தொடங்கிய 1950-களிலும் 60-களிலும்தான் ரந்தொசெரு நாடு முழுக்கப் பரவியது. ஆண் பிள்ளைக்குக் கறுப்பு, பெண் பிள்ளைக்குச் சிவப்பு என்ற வழக்கம் 2000-களில் தளர்ந்தது. இப்போது ஊதா, பழுப்பு, வான நீலம் என்று கடை நிறைய நிறங்கள். இன்று சராசரி விலை 60,000 யென்னை ஒட்டி நிற்கிறது. வாங்கித் தருவது பெரும்பாலும் தாத்தா பாட்டி. பள்ளி திறக்க ஓராண்டு இருக்கும்போதே பை தேடி அலைவதற்கு 'ரன்கத்சு' என்றே ஒரு சொல் பிறந்துவிட்டது. ரந்தொசெருவின் தலையையும், செயல்பாடு என்று பொருள்படும் 'கத்சு'வையும் ஒட்டியது. வீட்டு வசதி வெளியே தெரியக்கூடாது என்று வந்த பை இது என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. இத்தனைக்கும் இதைத்தான் மாட்ட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தோற்பை' பொருந்தாது. 1960-களில் குராரே நிறுவனத்தின் 'கிளாரினோ' வந்தபின், பெரும்பாலான ரந்தொசெரு செயற்கைத் தோலில்தான் செய்யப்படுகிறது. 'புத்தகப்பை' நம் அரசுத் திட்டங்கள் வரை புழங்கும் நல்ல சொல், ஆனால் எந்தப் பள்ளிப்பைக்கும் பொருந்திவிடும். 'முதுகுப்பை' ஓரளவு நெருங்குகிறது. ஜப்பானியரிடமே அதற்கு நேரான சொல் உண்டு: 'ஹைனோ'. முதுகைக் குறிக்கும் எழுத்தும் பையைக் குறிக்கும் எழுத்தும் சேர்ந்தது. அந்தச் சொல் படையோடு நின்றுவிட்டது, பிள்ளைகளின் பைக்கு டச்சுப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஆகவே என் பரிந்துரை இது. முதல் தடவை 'ரந்தொசெரு என்னும் பெட்டி முதுகுப்பை' என்று எழுதுங்கள். அப்புறம் வெறும் 'முதுகுப்பை' போதும். கிமோனோவை நாம் மொழிபெயர்க்காமல் விட்டதுபோல, வடிவம் முக்கியமான இடத்தில் ரந்தொசெருவும் அப்படியே நிற்கட்டும்.

கூடவே போகும் பொருள்களுக்கும் பெயர் வேண்டும். 'ஃபுதெபகோ' என்றால் தூரிகைப் பெட்டி. இப்போது உள்ளே இருப்பது பென்சில்கள், ஆகவே நம் 'பென்சில் பெட்டி' போதும். 'ஷிதாஜிகி' என்பது எழுதும் தாளுக்கு அடியில், நோட்டுக்குள்ளேயே செருகும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு. அழுத்தி எழுதினாலும் அடுத்த பக்கத்தில் தடம் விழாது. நம் பரீட்சை அட்டை வேறு, அது நோட்டுக்கு வெளியே இருப்பது. எனவே இதை 'அடித்தகடு' எனலாம். பள்ளிக்குள் மட்டும் போடும் 'உவாபாகி'க்கு 'உட்காலணி' பொருந்தும். அது தனிப் பையில், வாரக் கடைசியில் துவைக்க வீட்டுக்கு வரும். வீட்டுப்பாடமும் அறிவிப்பும் எழுதி வரும் 'ரென்ராகுசோ' நம் பள்ளி டைரிதான், புதுச்சொல் தேவையில்லை.

எனக்குச் சிக்கலாக இருப்பது 'போசாய் சுகின்'. பஞ்சு வைத்துத் தைத்த முக்காடு இது. நிலநடுக்கம் வந்தால் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ள வேண்டும், மற்ற நாளில் பல பள்ளிகளில் நாற்காலியில் மெத்தையாகக் கிடக்கும். போர்க்காலத்தில் விமானத் தாக்குதலுக்கு அணிந்த முக்காட்டின் வாரிசு. 'தலைக்காப்பு' என்றால் ஹெல்மெட் நினைவுக்கு வந்துவிடும். 'பஞ்சு முக்காடு' என்று சொல்வதே தெளிவு.

கடைசியாக 'ஒகிபென்': பாடநூல்களை வகுப்பிலேயே விட்டுவிட்டு வருவது. 'வைத்தல்', 'படிப்பு' என்ற இரு சொற்களின் துண்டுகளை ஒட்டியது. முன்பு ஆசிரியர்கள் இதைக் கண்டிப்பார்கள். ஆனால் வெறும் பையே ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும்போது புத்தகமும் சேர்ந்தால் சின்ன முதுகு தாங்காது. 2018 செப்டம்பரில் கல்வி அமைச்சகமே, தேவையில்லாததைப் பள்ளியில் விட்டுச்செல்ல இடம் கொடுக்கச் சொல்லி அறிவுறுத்தியது. இதற்குத் தமிழில் தனிச்சொல் உண்டாக்க வேண்டாம், 'புத்தகத்தை வகுப்பில் வைத்துவிட்டு வருதல்' என்று நீட்டியே எழுதலாம்.