நோகாத பல்லுக்கும் வருத்தம் வரும்

"இது ரைற்றேனியம்தானே டொக்டர், இதுக்கென்ன வரப்போகுது?" இம்பிளாண்ட் போட்ட பலர் கேட்கும் கேள்வி. இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் உலோக வேர்தான் இம்பிளாண்ட். உலோகம் சூத்தையாகாது, உண்மைதான். ஆனால் அது நிற்பது உங்கள் எலும்பில். சுற்றியிருப்பது உங்கள் முரசு (ஈறு). அவை இரண்டும் பழுதாகும்.

இயற்கைப் பல்லின் வேருக்குள் நார்கள் குறுக்காகப் புகுந்து முரசை இறுக்கிப் பிடிக்கின்றன. இம்பிளாண்டைச் சுற்றி அவை பக்கவாட்டில் ஓடுமே தவிர, உள்ளே புகுவதில்லை. வேர்விட்ட கதியாலுக்கும் நட்டுவைத்த கொங்கிறீட் தூணுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுக்குப் படலம் சேர்ந்தால் கிருமிகள் இங்கே சுலபமாகக் கீழிறங்கிவிடும்.

முதலில் முரசு மட்டும் சிவந்து, தொட்டால் இரத்தம் கசியும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் பழையபடி ஆகிவிடும். விட்டுவிட்டால் எலும்பு கரையத் தொடங்கும். அதற்குப் பெயர் பெரி இம்பிளாண்டைட்டிஸ். கரைந்த எலும்பு தானாக வளராது. சத்திரசிகிச்சை தேவைப்படலாம், சிலருக்கு இம்பிளாண்டையே கழற்ற வேண்டியும் வரும்.

இதில் பெரிய சிக்கல், பெரும்பாலும் நோவதில்லை. அண்மையில் வந்த ஓர் அம்மா, "இரத்தம் வருதெண்டு அந்த இடத்தை விட்டிட்டுத்தான் துலக்கிறனான்" என்றார். முரசை மெதுவாக அழுத்தியதும் ஓரத்தில் சீழ் எட்டிப் பார்த்தது. எக்ஸ்ரேயில் திருகின் மேல்புரிகள் எலும்பில்லாமல் வெறுமையாகத் தெரிந்தன. கடிப்பதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எலும்பு பாதி போனாலும் மிச்சம் பிடித்துக்கொண்டிருப்பதால் பல் ஆடாது. ஆடத் தொடங்கினால் அநேகமாகக் காலம் கடந்துவிட்டது என்றே அர்த்தம்.

பாமசியில் அன்ரிபயோட்டிக் குளிசை வாங்கிப் போடுவதும் நடக்கிறது. வீக்கம் சற்று வற்றும், படலம் அப்படியே இருக்கும். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பும் அப்படித்தான். இரத்தம் வரும் இடத்தில்தான் கூடுதலாகத் துலக்க வேண்டும். பல்லிடைத் தூரிகை என்று சிறிய பிரஷ் இருக்கிறது. உங்களுக்கு எந்த அளவு சரிவரும் என்று உங்கள் பல் வைத்தியர் காட்டித் தருவார்.

முரசு வருத்தத்தால் பல்லை இழந்தவர்களுக்கு ஆபத்து கூட. அந்த வருத்தத்தை மாற்றாமல் இம்பிளாண்ட் போடுவது வீண் செலவு. நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும், சுருட்டு, சிகரெட் பிடிப்பவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இதெல்லாம் பயமுறுத்த அல்ல. 1965இல் சுவீடனில், இன்றைய இம்பிளாண்டுக்கு வழிவகுத்த பேராசிரியர் பிரேனெமார்க் தன் முதல் நோயாளிக்குப் பொருத்திய இம்பிளாண்டுகள் 40 ஆண்டுகளுக்கு மேல் நின்றன.

அப்புறம் ஒரு விசயம். கொழும்பிலோ இந்தியாவிலோ போட்டுக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்புபவர்களும், நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே ஆறுமாதப் பரிசோதனை செய்பவர்களும் இம்பிளாண்டின் விபர அட்டையைக் கொண்டுவருவதே இல்லை. எந்தக் கம்பனி, என்ன விட்டம், என்ன நீளம் என்று அதில் இருக்கும். கம்பனிக்குக் கம்பனி திருகாணி வேறு, கழற்றும் கருவியும் வேறு. கூடவே பல் பொருத்தி முடித்த அன்று எடுத்த எக்ஸ்ரேயும் இருந்தால், எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டையும் கேட்டு வாங்கி, போனில் படமெடுத்து வையுங்கள்.