தரப்படுத்தல் என்றால் எந்தத் தரப்படுத்தல்?

தமிழ்நாட்டில் ஒருவர் 'தரப்படுத்தல்' என்று கேட்டால் தேயிலையை ரகம் பிரிப்பதையோ முட்டைக்கு முத்திரை குத்துவதையோ நினைப்பார். இலங்கைத் தமிழருக்கு அது 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்கு அரசு புள்ளிகளையும் இடங்களையும் மாற்றிப் பங்கிட்ட ஏற்பாடு. அடைமொழி எதுவும் வேண்டாம். 'தரப்படுத்தல் வந்த காலம்' என்றாலே போதும்.

சொல்லில் புதுமை ஒன்றும் இல்லை. தரம், படுத்து, அல், அவ்வளவுதான். இதில் 'தரம்' பழைய நிர்வாகச் சொல். சோழர் காலத்தில் நிலத்தைத் தரம் பிரித்துத்தான் வரி வைத்தார்கள். தரம் இடாத நிலத்துக்குக் கல்வெட்டில் 'தரமிலி' என்று பெயர். இலங்கையில் இன்றும் பள்ளிப் படிப்பு முழுக்கத் தரம்தான்: தரம் ஐந்து புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம். போதாததற்கு, 'தடவை' என்ற பொருளும் அதற்கு உண்டு. பல்கலைக்கழகம் போக எழுதும் உயர்தரப் பரீட்சையை மூன்று தரம் எடுக்கலாம் என்று எழுதினால் இலங்கையில் யாரும் குழம்பமாட்டார்கள்.

'தரப்படுத்தல்' ஆங்கிலத்தின் 'ஸ்டாண்டர்டைசேஷன்' என்பதற்கு வைத்த பெயர். அதன் வேரான 'ஸ்டாண்டர்ட்' பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் அது போர்க்களத்தில் படை திரளுவதற்காக நட்ட கொடி. பிறகு அரசன் நிர்ணயித்த எடைக்கல்லுக்கும் அளவுகோலுக்கும் அதுவே பெயரானது. ஊருக்கு ஊர் படி வேறாக இருந்தால் எல்லாவற்றையும் அரசன் படிக்கு மாற்றிச் சொல்ல வேண்டும். புள்ளியியல் எடுத்துக்கொண்டது இந்தப் பொருளைத்தான்: வெவ்வேறு அளவுகளில் கிடைத்த புள்ளிகளை ஒரே அளவுக்குக் கொண்டுவருதல்.

இப்படியொரு கணக்குச் சொல் ஏன் இத்தனை கசந்தது? அதற்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அன்றைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை. டாக்டருக்குப் படித்தாலும் அரசாங்கக் காசுதான். நல்ல ஏற்பாடு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் செலவு முழுக்க அரசின் தலையில் என்றால் இடங்களின் எண்ணிக்கையும் அரசின் கையில்தான். தகுதி பெறுபவர்களில் ஒரு பகுதியினருக்கே இடம் கிடைக்கிறது. காசு கொடுத்து உள்ளூரில் வேறு வழி தேட அப்போது முடியாது. அதனால் 'கம்பஸ் கிடைச்சுதா?' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது அந்தப் பங்கீட்டுக் கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கணக்கில் 1971 அனுமதியின்போது கை வைத்தார்கள். பொறியியலுக்குத் தமிழ் மொழிமூலம் எழுதியவருக்கு 400க்கு 250 புள்ளி வேண்டும். சிங்கள மொழிமூலம் எழுதியவருக்கு 227 போதும். மருத்துவத்துக்கு 250, 229. விடைத்தாள் திருத்தியவர்கள் தமிழருக்குப் புள்ளியை அள்ளிப் போட்டார்கள் என்ற பேச்சும் அப்போது கிளம்பியிருந்தது. இது எந்தப் பொருளிலும் தரப்படுத்தல் அல்ல. ஒரே பரீட்சைக்கு இரண்டு வெட்டுப்புள்ளி, அவ்வளவுதான்.

1973இல் வந்ததுதான் பெயருக்கேற்ற மொழிவாரித் தரப்படுத்தல். ஒவ்வொரு மொழியிலும் எத்தனை பேர் பரீட்சை எழுதினார்களோ, அந்த விகிதத்துக்கே தகுதி பெறுபவர்களும் வரும்படி புள்ளிகளை மாற்றி அமைத்தார்கள். அடுத்த ஆண்டே, 1974இல், அதன் மேல் மாவட்ட ஒதுக்கீட்டையும் ஏற்றினார்கள்: சனத்தொகைக்கு ஏற்ப மாவட்டத்துக்கு இத்தனை இடம். ஆய்வுகூடமும் ஆசிரியர்களும் நிறைந்த யாழ்ப்பாணமும் கொழும்பும் இதில் இழந்தன. கண்டிப் பக்கக் கிராமப்புறங்களோடு மன்னார், வவுனியா போன்ற தமிழ்ப் பகுதிகளுக்கும் இதனால் சில இடங்கள் கிடைத்தன என்பதைப் பலர் சொல்வதில்லை.

ஆக வேறு வேறான மூன்று காரியங்கள் ஒரே பெயரில் ஓடின. 1977இல் ஆட்சி மாறியதும் மொழிவாரிக் கணக்கு போயிற்று. மாவட்ட ஒதுக்கீடு போகவில்லை, விகிதம்தான் மாறியது. இப்போதைய ஏற்பாட்டில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கலைப் பிரிவுக்கு இந்தப் பிரிப்பு பெரும்பாலும் இல்லை. 1974இல் இழந்த யாழ்ப்பாணம் இன்று அந்தப் பதினாறில் ஒன்று.

பாடங்களை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் தரப்படுத்தல் வந்தது 2001இல், ஆனால் யாரும் அதை அப்படி அழைப்பதில்லை. அதற்குப் பெயர் இசட் புள்ளி. ஒரு மாணவி பௌதிகவியலில் 70, இரசாயனவியலிலும் 70 எடுத்திருக்கிறாள் என்று வையுங்கள். பௌதிகவியலில் நாட்டின் சராசரி 40, நியம விலகல் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) 15 என்றால், 70இலிருந்து 40ஐக் கழித்து 15ஆல் வகுக்க 2 வரும். இரசாயனவியலில் சராசரி 55, நியம விலகல் 10 என்றால் 1.5தான். 70 ஒன்றே, ஆனால் கஷ்டமான பாடத்தில் எடுத்த 70க்கு மதிப்பு அதிகம். மூன்று பாடங்களுக்கும் இப்படிக் கணக்கிட்டு, சராசரி எடுத்து, நான்கு தசம தானத்தில் வெளியிடுவார்கள். நாலாவது தசமத்தில் மருத்துவம் கைநழுவிப் போன பிள்ளைகள் உண்டு.

இந்தக் கணக்கும் வழக்குக்குப் போகாமல் இருக்கவில்லை. 2011 உயர்தரத்தைப் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் படித்தவர்கள் எழுதினார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி போட்டார்கள். வினாத்தாளே வேறு என்றால் சராசரி எப்படிப் பொதுவாகும்? 2012இல் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் அந்தப் பெறுபேற்றை ரத்துச் செய்து, மறுபடி கணக்கிடச் சொன்னது.

சரி, எதற்கு எந்தச் சொல்? 'ஸ்டாண்டர்ட்' என்பதற்குத் தமிழில் பஞ்சமில்லை. இலங்கைப் பாடநூல் 'நியம விலகல்' என்கிறது, தமிழ்நாட்டுப் பாடநூல் 'திட்டவிலக்கம்' என்கிறது. பொருள்களுக்குத் தரச் சான்று தருவது இலங்கைக் கட்டளைகள் நிறுவனம். எனக்குப் பிடித்தது இந்தக் 'கட்டளை'தான். கட்டளைக் கலித்துறை என்ற செய்யுள் வகையில், ஒற்றெழுத்துகளை நீக்கி எண்ணினால், அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. மாறாத அளவு என்ற பொருளை அந்தச் சொல் அங்கே கச்சிதமாகத் தாங்குகிறது. ஆனால் 'கட்டளைப்படுத்தல்' என்றால் யாரோ அதட்டுவதுபோல் கேட்கும், அது சரிவராது.

புள்ளிகளை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் கணக்குக்கு 'நியமப்படுத்தல்' பொருத்தம். 'நியம விலகல்' ஏற்கெனவே மாணவர் வாயில் இருப்பதால் தனியாக விளக்க வேண்டியதில்லை. இடங்களை மாவட்டத்துக்குப் பிரிப்பது 'மாவட்ட ஒதுக்கீடு'; பேச்சில் 'கோட்டா' என்றாலும் குற்றமில்லை. 'தரப்படுத்தல்' என்ற சொல்லை 1970களின் அந்த ஏற்பாட்டுக்கே விட்டுவிடலாம், அப்புறம் இசட் புள்ளியைத் திட்டுபவர் எதைத் திட்டுகிறார் என்பதாவது தெரியும்.