விப்ரியோ: துடிக்கும் உயிருக்கு ஒரு தமிழ்ப்பெயர்

மண்டபத்திலும் தொண்டியிலும் கடல்நீரையோ இறாலையோ சோதிப்பவர்களுக்கு 'விப்ரியோ' என்ற பாக்டீரியாப் பேரினத்தின் பெயர் நன்கு பழகிய சொல். துடித்தல், அதிர்தல் எனப் பொருள்படும் 'விப்ராரே' என்னும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்த இப்பெயரை, 18ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கின் ஓட்டோ பிரீட்ரிக் முல்லர், உருப்பெருக்கியின் கீழ் நீர்த்துளியில் நெளிந்த நுண்ணுயிர்களுக்கு இட்டார். பெயர் பொருத்தமானதே. ஆய்வகத்தில் இவற்றை வளர்த்த நீர்மத்தின் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்த்தால், முனையில் உள்ள சாட்டை போன்ற ஒற்றைக் கசையிழையைச் சுழற்றியபடி இவை கண் பின்தொடர முடியாத விரைவில் பாய்ந்து மறைகின்றன. வலையிலிருந்து உதறிய சாளை தளத்தில் துள்ளுவதைக் கண்ட இக்கரை மக்களுக்கு அந்தத் துடிப்பை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் இதனைக் 'காற்புள்ளி வடிவ பாக்டீரியா' என்று எழுதும் வழக்கம் உண்டு. அது முல்லரின் சொல்லுக்கு நேரானதன்று; 1884இல் கல்கத்தாவில் காலரா நோயை ஆராய்ந்த ராபர்ட் கோக் வடிவத்தை வைத்துச் சொன்ன பெயரின் வழிவந்தது. மேலும், நாள்பட்ட வளர்ப்பில் அந்த வளைவு மறைந்து, நேரான கோலாகவும் இவை தோன்றக்கூடும்.

'கிருமி' என்பது இன்னும் பொருந்தாது. வடமொழியில் புழுவைக் குறித்த சொல் அது. கழுத்தில் புழு வைத்து இறந்ததாகக் கூறப்படும் 'கிருமிகண்ட சோழன்' கதையில் அப்பழம்பொருள் இன்றும் இருக்கிறது. இக்காலத்திலோ அச்சொல்லைக் கேட்டதும் நோய்தான் நினைவுக்கு வருகிறது. விப்ரியோக்களோ வெதுவெதுப்பான கடலின் இயல்பான குடிகள். இறால் ஓட்டிலும் நுண்ணிய மிதவை உயிர்களிலும் ஒட்டி வாழ்ந்து, அவற்றின் ஓட்டில் உள்ள கைட்டின் என்னும் கடினப்பொருளைச் சிதைத்து மீண்டும் கடலுக்கே உணவாக்குபவை. அவற்றுள் சில இனங்களே நோய் தருகின்றன. காலராவை உண்டாக்குவது ஒன்று. சரியாக வேகாத மீன், நண்டு வழியாக வயிற்றுப்போக்கைத் தரும் பாராஹீமோலிட்டிகஸ் மற்றொன்று. பொரிப்பகத்து இறால் குஞ்சுகளை இருட்டில் ஒளிரவைத்துக் கொல்லும் ஹார்வேயி இன்னொன்று. வல்னிஃபிகஸ் என்ற பெயருக்கே 'புண் செய்வது' என்றுதான் பொருள். காலில் வெட்டுக்காயத்தோடு கடலில் இறங்குவோர் அதனை அறிந்திருப்பது நல்லது.

ஆகவே பேரினம் முழுவதற்கும் 'துடியுயிரி' என்ற சொல்லை முன்வைக்கிறேன். நோய் தருவனவற்றை மட்டும் 'நோயாக்கும் துடியுயிரி' எனப் பிரித்துச் சொல்லலாம்; இனப்பெயர்கள் ஒலிபெயர்ப்பாகவே நிற்கட்டும்.

இந்தப் பிரிவினை சொல்லளவில் நிற்பதன்று. பெரும்பாலான துடியுயிரிகளுக்கு உப்பு வேண்டும். காலரா இனமோ உப்பு மிகக் குறைந்த நீரிலும் பிழைக்கும். எனவே பாம்பன் கடல்நீரில் 'விப்ரியோ உள்ளது' என்று அறிக்கை வந்தால் அதில் வியப்பில்லை. எந்த இனம் என்று கேட்பதே அடுத்த வேலை. வைகை பாக் நீரிணையைச் சேரும் 'ஆற்றங்கரை' என்னும் ஊரில் உள்ளது போன்ற கழிமுகத்தில் அந்தக் கேள்வி மேலும் அவசியமாகிறது. குடிக்கும் ஊரணி நீரில் காலரா இனமே தென்பட்டால், கொள்ளைநோயாகப் பரவும் ஓ1, ஓ139 வகைகளா என்பதை உடனே சோதித்தாக வேண்டும். முடிவு வரும்வரை அந்நீரைக் கொதிக்கவைக்காமல் பருகக் கூடாது.