கொசுவின் கணக்கும் அரசின் கணக்கும்

2017 ஜனவரியில் இலங்கையில் பதிவான டெங்கு நோயாளிகள் சுமார் 10,900 பேர். மார்ச்சில் 13,500. ஜூனில் 25,000. ஜூலையில் ஒரே மாதத்தில் 41,000. ஆண்டு முடிவில் மொத்தம் 1,86,101 பேர், இறந்தவர்கள் 440. அதற்கு முந்தைய ஆண்டு முழுவதற்குமே 55,000 சொச்சம்தான். கொழும்பில் குப்பை அள்ள ராணுவத்தினரையும் போலீசாரையும் இறக்கிய செய்தி வந்தது ஜூலைத் தொடக்கத்தில். ஜனவரிக் கணக்கே இயல்பைவிட அதிகம். ஏப்ரல் 14 அன்று கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்தது, நகரின் குப்பை அகற்றும் பணி குலைந்தது. மே கடைசியில் தென்மேற்கு மழை வெள்ளம். சில ஆண்டுகளாக அரிதாகிப்போயிருந்த இரண்டாம் வகை டெங்கு வைரஸ் மேலோங்கியது. ஒரு வகைக்கு எதிராக உடலில் உருவான எதிர்ப்பு இன்னொரு வகையிடமிருந்து வெகுகாலம் காக்காது. சிலருக்கு அதுவே இரண்டாவது தொற்றைக் கடுமையாக்கும். எல்லாம் கண்முன் நடந்தவை.

இவ்வளவு தெரிந்தும் நடவடிக்கை ஏன் பிந்துகிறது? அரசு பார்ப்பது நோயாளிப் பட்டியலை. அந்தப் பட்டியல் எப்போதுமே பழைய செய்தி.

ஜூலை 5 அன்று ஒருவருக்குக் காய்ச்சல் தொடங்குகிறது என்று வையுங்கள். கொசு கடித்து 4 முதல் 10 நாளில் காய்ச்சல் வரும். ஆக, கடி ஜூன் கடைசியில். வைரஸைக் குடித்த கொசு உடனே பரப்பாது. வைரஸ் அதன் குடலில் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச்சேர 8 முதல் 12 நாள் ஆகும். அப்படியானால் அது வைரஸைக் குடித்தது ஜூன் நடுவில். முட்டை பொரிந்து புழுவாகி, கூட்டுப்புழுவாகிப் பறக்க 7 முதல் 10 நாள். முட்டையை நனைத்த தண்ணீர் ஜூன் முதல் வாரத்தது. ஒரு மாதம் பின்னால் போய்விட்டோம். நோயாளி மூன்றாம் நாள் டாக்டரிடம் போய், ரத்தம் கொடுத்து, முடிவு வந்து, மாவட்ட அலுவலகத்துக் கணக்கில் ஏற இன்னும் ஒரு வாரம். தொற்றியவர்களில் நான்கில் மூன்று பேருக்கு அறிகுறியே இருக்காது என்பதால் பட்டியலுக்கு வராமலே பரப்புகிறவர்கள்தான் அதிகம்.

ஒரு நோயாளியிடமிருந்து கொசு வழியாக அடுத்த நோயாளிக்குப் போக ஏறக்குறைய மூன்று வாரம். ஒருவரிடமிருந்து இருவருக்குப் பரவுகிறது என்றால், முடிவெடுக்க ஆறு வாரம் தாமதித்தால் எண்ணிக்கை நான்கு மடங்கு. மரணம் வந்தபின் கூட்டம் போடுகிற அரசு இரண்டு மூன்று தலைமுறைக் கொசுக்களுக்குப் பின்னால் ஓடுகிறது. இறப்பை 'மர்மக் காய்ச்சல்' என்று எழுதிவைத்தால் அந்தக் கடைசி மணியும் அடிக்காது.

எனவே அவசரநிலையை முடிவுசெய்ய வேண்டியது இறப்புக் கணக்கு அல்ல. அதற்கு முன்னால் தெரிகிற மூன்று கணக்குகள். முதலாவது புழுக் கணக்கு. ஒரு பகுதியில் 100 வீடுகளில் நீர் நிற்கும் எல்லாப் பாத்திரத்தையும் பார்க்கிறார்கள். 14 வீடுகளில் புழு, மொத்தம் 22 பாத்திரங்களில். நூற்றில் எத்தனை வீட்டில் புழு என்பது வீட்டுக் குறியீடு, இங்கே 14. நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு என்பது பிரெட்டோ குறியீடு, இங்கே 22. வீட்டுக் குறியீடு 5-க்கு மேலோ பிரெட்டோ 20-க்கு மேலோ போனால் டெங்கு பரவ ஏற்ற இடம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இதில் ஒரு ஓட்டை உண்டு. மூன்று புழு உள்ள தேங்காய்ச் சிரட்டையும் மூவாயிரம் புழு உள்ள சிமென்ட் தொட்டியும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். கூட்டுப்புழுக்களை எண்ணினால்தான் எந்தப் பாத்திரம் உண்மையில் கொசுவைத் தயாரிக்கிறது என்பது தெரியும். பெரும்பாலும் சில வகைப் பாத்திரங்களே பெரும்பங்கு கொசுவைத் தரும்: குடிநீர் டிரம், தொட்டி, கைவிட்ட டயர். ஆள் குறைவென்றால் அவற்றிலிருந்து தொடங்கலாம்.

இரண்டாவது, காய்ச்சல் கணக்கு. ஆரம்ப சுகாதார நிலையம் முதல் தெருமுனை கிளினிக் வரை இந்த வாரம் வந்த காய்ச்சல்காரர்கள் எத்தனை பேர் என்பதைக் கடந்த ஐந்து ஆண்டுகளின் இதே வாரச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். சராசரிக்கு மேல் இரண்டு திட்ட விலக்கத்தை (திட்ட விலக்கம் என்பது ஆண்டுக்காண்டு எண்ணிக்கை வழக்கமாக ஏறி இறங்கும் அளவு) தாண்டினால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஆட்களை அனுப்பலாம். தனியார் மருத்துவமனைகளை விட்டுவிட்டால் இந்தக் கணக்கு பாதிதான். மூன்றாவது, வைரஸின் வகை மாறுகிறதா என்று மாதந்தோறும் சில மாதிரிகளில் பார்ப்பது. செலவு குறைவு, பயன் பெரிது, அடிக்கடி விட்டுப்போவதும் இதுதான்.

அவசரநிலை என்றால் சைரன் அல்ல. பணமும் ஆளும் உடனே கிடைப்பது, மருந்துக் கொள்முதலுக்கு வழக்கமான டெண்டர் காலத்தைக் குறைப்பது, பூட்டிய வீட்டுக்குள்ளும் காலி மனைக்குள்ளும் கட்டுமான இடத்துக்குள்ளும் போகும் அதிகாரம். நூறு வீட்டில் இருபது பூட்டியிருந்தால் மற்ற எண்பதைத் துடைத்தும் அந்த இருபதிலிருந்து கொசு வரும். சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 1939-இன் பொதுச் சுகாதாரச் சட்டம் இருக்கிறது, இலங்கையில் நுளம்பு, அதாவது கொசு, பெருகுவதைத் தடுக்க 2007-இல் தனிச் சட்டமே வந்தது.

வேலை என்ன? முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினால் முட்டைக்கு வசதி. வாரம் ஒருமுறை நாரால் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரம் என்பது சும்மா சொல்வதல்ல, முட்டை கொசுவாக ஆகும் அந்த 7 நாள்தான். காலிசெய்ய முடியாத தொட்டிக்குப் புழுவைக் கொல்லும் டெமிபாஸ் மருந்து, ஊரில் அபேட் என்பார்கள். அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். 1,000 லிட்டர் தொட்டிக்கு 1 சதவீதக் குருணை மருந்து 100 கிராம், அல்லது 50 சதவீதத் திரவம் 2 மில்லி. கண்ணளவில் ஊற்றும்போது குறைந்தால் புழு பிழைக்கும், கூடினால் தண்ணீர் நாறுகிறது என்று வீட்டுக்காரர் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீர் பிடிப்பார். தொட்டியின் கொள்ளளவை அளந்து மூடியில் பெயின்டில் எழுதிவைப்பது இரண்டையும் தடுக்கும்.

அடுத்து, பறக்கும் கொசு. வைரஸைக் குடித்த கொசு பத்து நாள் உயிரோடிருந்தால்தான் ஆபத்து. ஒரு நாளில் நூற்றில் 90 பிழைக்கிறது என்றால் பத்து நாள் தாண்டுவது 35. அதை 80 ஆக்கினால் தாண்டுவது 11. கொசுவின் ஆயுளைச் சற்றுக் குறைத்தாலே பரப்பும் கொசு மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

மாலையில் தெருவில் புகையடிக்கும் வண்டியால் இது நடக்குமா? பெரும்பாலும் நடக்காது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு கட்டிலடியில், துணி தொங்கும் கொடியில், அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். புகை வரும்போது நாம் ஜன்னலைச் சாத்துகிறோம், அதற்கும் வசதி. வீட்டுக்குள் போய் அடிக்க வேண்டும்: பைரித்ரம் என்ற பூச்சிக்கொல்லியின் 2 சதவீதச் சாறு ஒரு பங்குக்கு மண்ணெண்ணெய் 19 பங்கு, அடுப்பை அணைத்து, உணவை மூடி, ஆட்களை வெளியேற்றி, கதவு ஜன்னலைச் சாத்தி. நோயாளி பதிவான ஓரிரு நாளுக்குள் அந்த வீட்டிலும் சுற்றி நூறு மீட்டருக்குள் உள்ள வீடுகளிலும். மருந்து கூட்டுப்புழுவைக் கொல்லாது, மறுநாளே புதுக் கொசு வெளிவரும். ஒரு வாரத்துக்குள் இன்னொரு முறை அடிக்காவிட்டால் முதல் முறை அடித்தது வீண். தெருப்புகை படம் எடுக்க நன்றாக இருக்கும், அதனால்தான் அது நிற்பதில்லை.

இனி மருத்துவமனை. காய்ச்சல் இருக்கும் முதல் ஐந்து நாள் நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் நிறைய. பகலிலும் கொசுவலை வேண்டும், வார்டுக் கொசுவும் கடிக்கும். சிக்கல் தொடங்குவது காய்ச்சல் விடும்போது. 'விட்டுவிட்டது' என்று வீட்டுக்கு அனுப்புகிற அந்த 24 முதல் 48 மணிநேரத்தில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு என்பவற்றோடு ரத்த அடர்த்தி ஏறி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை இறங்கினால் உடனே நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டும். குறைத்தால் ரத்த ஓட்டம் சரியும் அதிர்ச்சி நிலை, கூட்டினால் நுரையீரலில் நீர். எனவே வார்டுக்கு முதலில் தேவை தட்டணுப் பைகள் அல்ல, சில மணிநேரத்துக்கு ஒருமுறை ரத்த அடர்த்தியைப் பார்க்கும் கருவியும் அதை இரவிலும் இயக்கும் ஆளும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கூடாது, பாராசிட்டமால் போதும்.

மழை நின்று எண்ணிக்கை இறங்கியதும் ஒப்பந்தப் பணியாளர்களை நிறுத்துவது வழக்கம். அப்போது காய்ந்த டிரம்மின் சுவரில் முட்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும், பல மாதம் தண்ணீரில்லாமல் தாங்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆகஸ்ட், செப்டம்பரில் அந்தச் சுவர்களைத் தேய்க்க ஆள் வேண்டும். அவர்களுக்கான சம்பளம் அந்த மாதங்களின் ஒதுக்கீட்டில் இருக்கிறதா என்பதைக் கோப்பைத் திறந்து பார்த்தாலே தெரியும்.